இரண்டாவது கச்சேரிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

நம் பக்கம் புதிய இசைக்குக் காசு கொடுக்க ஆளில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோயமுத்தூரில் வயலின் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, நான்கு பேர் சேர்ந்த ஒரு தந்திக் குழுவில் வாசித்துக்கொண்டும் இருக்கிறேன். என் அனுபவம் வேறு மாதிரி. ஓர் இசையமைப்பாளரிடம் சொல்லி இருபது நிமிஷப் படைப்பு ஒன்றைப் புதிதாக எழுதி வாங்கப் போகிறோம், அழைப்பிதழில் 'முதல் முறையாக' என்று போடுவோம், உங்கள் பெயரும் வரும் என்று போய்ச் சொன்னால் மில் வைத்திருப்பவரும் கொடுக்கிறார், டாக்டரும் கொடுக்கிறார், நகைக்கடைக்காரரும் கொடுக்கிறார். கிடைக்காதது அதற்கு அடுத்த காசுதான். அதே படைப்பை இன்னொரு தடவை வாசிக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், எல்லா முகத்திலும் ஒரே கேள்வி: அதான் வாசிச்சாச்சுல்லங்க?

இது நம் ஊர்க் கஷ்டம் மட்டும் இல்லை. புதிய படைப்பு எழுதி வாங்குவதற்கென்றே அறக்கட்டளைகளும் நிதிகளும் இருக்கிற நாடுகளிலும், முதல் கச்சேரியோடு அலமாரிக்குப் போகும் படைப்புகளைப் பற்றி இசைக்காரர்கள் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அங்கே ஓர் அலமாரியாவது இருக்கிறது. அச்சான ஸ்கோர், அதாவது எல்லாக் கருவிகளின் பாகமும் சேர்ந்த முழு இசைத்தாள் இருக்கும், ஐம்பது வருஷம் கழித்து யாராவது எடுத்துத் தூசி தட்டலாம். நம் பக்கம் வாசித்தவர்கள் கலைந்தால் படைப்பும் கலைந்தது. கர்நாடக இசையில் ஒரு கீர்த்தனை பிழைத்துக் கிடப்பது எதனால்? நாலு பேர் பாடி, அவர்களுடைய சீடர்கள் பாடி, கேட்கிறவர்கள் அடுத்த அடியை மனசுக்குள் முன்கூட்டியே முணுமுணுக்கிற அளவுக்குப் பழகுவதனால்தான். மொடக்குறிச்சிப் பக்கத்தில் 1908-இல் பிறந்து, தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் பதிப்பித்த பெரியசாமித் தூரனுடைய பாட்டுகள் இன்றைக்கும் கச்சேரிகளில் கேட்கின்றன என்றால், எங்கேயோ ஒரு நாள் ஜோராக அரங்கேறியதால் இல்லை. பாடகர்கள் விடாமல் பாடினார்கள். இத்தனை தெளிவான உண்மை நம் கண்முன்னால் இருக்கும்போது, புதிய படைப்பு என்று வந்தவுடன் மட்டும் ஒரே ஒரு மாலைக்காக ஏன் இவ்வளவு பாடுபடுகிறோம் என்பது எனக்குத் தாங்கவே முடியாத ஒன்று.

உடுக்கையும் நான்கு தந்திக் கருவிகளும்

நாங்கள் எழுதி வாங்கிய படைப்புக்கு இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா ஒன்று, அதைவிடப் பெரிதாய்க் கீழ்ச் சுரங்களில் ஒலிக்கிற செல்லோ ஒன்று, கூட ஓர் உடுக்கை. இசையமைப்பாளர் சென்னையில் இருக்கிறார், கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் முறையாகப் படித்தவர், என்னைவிட வயதில் சின்னவர். உடுக்கை வாசிக்கும் அண்ணன் சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் வேலை பார்க்கிறார், பொன்னர், சங்கர் என்ற அண்ணன்களும் தங்கை தங்காளும் வருகிற அண்ணன்மார் கதை பாடுகிற குடும்பம். கொங்கு நாட்டில் அந்தக் கதையைப் பற்றி நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, இரவிரவாக நடந்த அந்தக் கதைப்பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக்கின் புண்ணியத்தில் அது வெளிநாட்டு நூலகங்கள் வரைக்கும் போயிருக்கிறது.

பேச்சுவார்த்தையில் நாங்கள் பிடிவாதமாக நின்ற இடம் ஒன்று உண்டு. பணம் கொடுக்கிறவர்களும் சரி, வாசிக்கிற நாங்களும் சரி, எப்படி ஒலிக்க வேண்டும் என்று இசையமைப்பாளரிடம் சொல்வதில்லை. எவ்வளவு நேரம், என்னென்ன கருவி, யார் வாசிப்பார்கள், என்றைக்குள் தாள் கைக்கு வர வேண்டும், எத்தனை ஒத்திகைக்கு அவர் நேரில் வருவார், இவ்வளவுதான் எங்கள் பேச்சு. சம்பளத்தை மூன்றாகப் பிரித்தோம்: ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, முதல் வரைவு வந்ததும் ஒரு பங்கு, கச்சேரி முடிந்ததும் மிச்சம். ஒத்திகைக்கும் காசு உண்டு என்று முதலிலேயே எழுதி வைத்தோம், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அண்ணனுக்கு ஒரு ஒத்திகை என்றால் ஒரு ஷிப்ட் கூலி போகிறது. மேடையில் நிற்கிற இருபது நிமிஷத்துக்கு மட்டும் சால்வையும் கவரும் கொடுத்துவிட்டு, அதற்கு முன்னால் அவர் இழந்த நாள்களைக் கணக்கில் எடுக்காமல் விடுகிற வழக்கம் நம் விழாக்களில் இருக்கிறது. அது அநியாயம்.

இசையமைப்பாளர் வந்து சில இரவுகள் கதைப்பாட்டு நடக்கிற இடத்தில் உட்கார்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது பாட்டின் மெட்டை இல்லை, அமைப்பை. பாட்டு வரும், அப்புறம் வசனம் வரும், வசனத்தில் உடுக்கை ஒதுங்கிக்கொள்ளும், கூட இருப்பவர் ஆமா போடுவார், திடீரென்று ஒரு சொல்லில் மறுபடி பாட்டு பிடித்துக்கொள்ளும். அந்த ஆமா போடுகிற வேலையை வியோலாவுக்குக் கொடுத்தார் மனிதர்! வயலின் ஒரு வாக்கியத்தை முடிக்கிற சுரத்தை வியோலா அடியில் வாங்கித் திருப்பித் தரும், சில இடத்தில் தாமதமாக, சில இடத்தில் வயலின் முடிப்பதற்குள்ளேயே. படித்தபோதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடுக்கைக்கு மட்டும் தாள் கிடையாது, அண்ணன் வாயால் சொன்ன சொற்கட்டையே தமிழில் எழுதி எங்கள் தாள்களில் மேலே போட்டிருந்தார். அவருடைய கடைசிக் குமுக்கு என்கிற அடி எப்போது வருகிறதோ அப்போதுதான் நாங்கள் அடுத்த பகுதிக்குப் போக முடியும். அதனால் நான்கு பேரும் தாளிலிருந்து தலையைத் தூக்கி அவர் கையைப் பார்த்தே ஆக வேண்டும். மேற்கத்திய இசைக்கான கிரேடு தேர்வுகளில் தாளையே பார்த்துப் பழகிய எங்களுக்கு அது சுலபமாக வரவில்லை.

முதல் கச்சேரி நன்றாகவே நடந்தது. அரங்கம் நிறைந்தது, எழுந்து நின்று கைதட்டினார்கள், பத்திரிகையில் படம் வந்தது. அடுத்த வாரமே ஃபைல் அலமாரிக்குப் போனது. அப்படியே கிடந்தது.

எழுதி வாங்கினால் யாருடையது?

இடையில் ஒரு சின்னப் பிரச்சினை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கும் இதில் குழப்பம் இருக்கிறது. பணம் கொடுத்தவர்களில் ஒருவர், இந்தப் படைப்பு இனி எங்களுக்குத்தானே சொந்தம், வேறு யாரும் வாசிக்கக் கூடாது என்று ஒரு கடிதம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஒரு பொருளை வாங்கினால் அது வாங்கினவருடையது என்பது அவருக்குத் தெரிந்த நியாயம். நம் 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. புகைப்படம், ஓவியம், உருவப்படம், திரைப்படம் மாதிரி சிலவற்றைக் காசு கொடுத்துச் செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்தவர் முதல் உரிமையாளர். அந்தப் பட்டியலில் இசைப் படைப்பு இல்லை. இசையமைப்பாளர் சம்பள வேலைக்காரராக இருந்து எழுதினால் கதை வேறு. மற்றபடி எழுதினவர்தான் உரிமையாளர், அவர் காலத்துக்கும் அதற்குப் பின் 60 வருஷத்துக்கும். எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன், இடது கைக்கு மட்டும் எழுதச் சொல்லி அன்றைய பெரிய பெரிய ஆள்களிடம் படைப்புகள் வாங்கினார். அதனால்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் இடது கைக் கான்செர்ட்டோ (தனிக் கலைஞர் ஒருவர் பெரிய இசைக்குழுவோடு வாசிக்கிற படைப்பு) நமக்குக் கிடைத்தது, 1932-இல் வியன்னாவில் அதை அவரே வாசித்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இசையமைப்பாளர் ஹிண்டெமித் 1923-இல் எழுதிக் கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அவரும் வாசிக்கவில்லை, மற்றவர் கையிலும் போகவில்லை. அந்தத் தாள்கள் 2002-இல்தான் வெளியே வந்தன, 2004-இல் பெர்லினில் முதன்முதலாக ஒலித்தது. 81 வருஷம். ஹிண்டெமித் செத்தே நாற்பது வருஷம் ஆகியிருந்தது. புரோகோஃபியெவ் 1931-இல் எழுதியதையும் அவர் வாசிக்கவேயில்லை, அது மேடை ஏறியது 1956-இல், எழுதியவர் இறந்து மூன்று வருஷம் கழித்து. காசு கொடுத்தவரின் கைப்பிடி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய பயம் வேண்டியதில்லை. நாங்கள் கடைசியில் எழுதியது இதுதான்: ஒரு வருஷம் எங்கள் குழு மட்டும் வாசிக்கும், அப்புறம் யார் கேட்டாலும் ஸ்கோரும் தனித்தாள்களும் கொடுக்கப்படும். அந்த நண்பரும் ஒத்துக்கொண்டார்.

ஆனால் கேட்டு யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள், அது இருப்பதே யாருக்கும் தெரியாதே.

திருப்பூரில் ஒரு சாயங்காலம்

விஷயம் திரும்பியது திருப்பூரில் ஒரு நூல் வியாபாரியின் அலுவலகத்தில். முதல் கச்சேரிக்குப் பாதிக்கு மேல் கொடுத்தவர் அவர். பெரியவர், இசை படித்தவர் இல்லை, ஆனால் ஒத்திகை நடந்த இடத்துக்குச் சொல்லாமல் வந்து பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார். அவர் அம்மாவின் நினைவாக அடுத்த வருஷம் புதிதாக இன்னொன்று எழுதி வாங்கலாம் என்று கூப்பிட்டிருந்தார். தொகையும் போன தடவையைவிட அதிகம். வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். எனக்கு அந்த ஃபைல் கண்முன்னாலேயே நின்றது. புதுசு வேண்டாமுங்க, இந்தக் காசில் பழையதை மூன்று ஊரில் வாசிக்கலாமுங்களா என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏனுங்க டீச்சர், ஒருக்கா கேட்டதையே மறுக்கா எதுக்குங்க கேக்கோணும்?" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் அவரிடம் அண்ணன்மார் கதை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள் என்றேன். சின்ன வயசிலிருந்து வருஷா வருஷமுங்க, அப்பச்சி தோளில் உட்கார்ந்து கேட்டதுங்க என்றார். உடுக்கைக்காரரிடம் யாராவது இந்த வருஷம் புதுக் கதை பாடுங்கள் என்று கேட்டதுண்டா? அவர் சிரித்துவிட்டார். "அது தெரிஞ்ச கதைங்க. தெரிஞ்ச கதைன்னாத்தானுங்க அழுகையே வரும்." அந்த வாக்கியத்தை நான் இன்னும் பத்து வருஷம் கழித்தும் மறக்க மாட்டேன். தங்காள் அழுகிற இடம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் அந்த உடுக்கை நிற்கும்போது கூட்டத்துக்குத் தொண்டை அடைக்கிறது. எங்கள் படைப்பில் வயலின் நின்று, உடுக்கை நின்று, வியோலா மட்டும் தனியாக ஆமா போடுகிற ஓர் இடம் இருக்கிறது. முதல் தடவை கேட்கிறவருக்கு அது வெறும் மௌனம், அவ்வளவுதான். அது வரப்போகிறது என்று தெரிந்தவருக்குத்தான் அது இசை. அந்தத் தெரிந்தவரை உண்டாக்க நாம் எதுவுமே செய்யவில்லை என்று அவரிடம் சொன்னேன், கொஞ்சம் குரல் உயர்ந்தேகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் மேஜை மேல் கிடந்த ஒரு பனியன் துணியை எடுத்து மடித்துக்கொண்டே, "அப்பன்னா மொதக் கச்சேரி சாம்பிள் பீஸுங்க. சாம்பிள் ஓகே ஆயி, ஆர்டர் ஓட்டாம உட்டுட்டோம்ங்கறீங்க" என்றார். அதேதான். இத்தனை நாள் நான் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியும் யாருக்கும் புரியவைக்க முடியாததை அவர் தன் தொழிலிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டார். மூன்று ஊருக்குச் சரி, ஒரே ஒரு நிபந்தனை என்றார்: கோபிசெட்டிபாளையமும் பொள்ளாச்சியும் எங்கள் விருப்பம், மூன்றாவது காங்கேயம் பக்கம் அவருடைய சொந்த ஊர்க் கோயில் திடல்.

ஆடிக் காற்றில்

ஆடியில் வைத்தோம், கல்யாணம் இல்லாத மாசம், மண்டபங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். கோபியிலும் பொள்ளாச்சியிலும் மண்டபம். கோபியில் வாசிக்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. முதல் கச்சேரியில் ஐந்து பேரும் விழுந்துவிடாமல் கரை சேர வேண்டும் என்று வாசித்தோம், அதுதான் உண்மை, எந்தக் குழுவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இப்போது அண்ணன் மூன்றாவது பகுதியை நிதானமாக எடுத்தார். நாங்களும் அவரோடு போனோம், யாரும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை.

திடலில்தான் வேறு ஒன்று நடந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று காங்கேயம் பக்கம் எப்படி அடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தாள்களைத் துணிக் கிளிப்பால் நான்கு பக்கமும் பிடித்தோம். மண்டபத்தில் உடுக்கைக்கு அடியில் செல்லோ நீளமாகப் பிடித்த கீழ்ச் சுரங்கள் சுவரில் பட்டுத் திரும்பி ஒரு தரை மாதிரி இருந்தவை, திடலில் இருக்கிற இடமே தெரியவில்லை. இசையமைப்பாளர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரியே கோயில் திண்ணையில் உட்கார்ந்து செல்லோ பாகத்தில் இரண்டு பக்கத்தை மாற்றி எழுதினார். நீளமாக இழுக்கிற சுரத்தை எடுத்துவிட்டு, அதே சுரத்தைச் சின்னச் சின்ன வில் வீச்சாக, உடுக்கையின் நடைக்கு அரை மாத்திரை பின்னால் வருகிற மாதிரி வைத்தார். பிறகு மண்டபத்தில் அதை முயன்றபோது அங்கேயும் அதுதான் நன்றாக இருந்தது. முதல் கச்சேரியோடு நின்றிருந்தால் இது வந்திருக்காது. ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் வயலின் கான்செர்ட்டோ 1904-இல் ஹெல்சின்கியில் முதலில் வாசிக்கப்பட்டுச் சரியாகப் போகவில்லை. அவர் அதைத் திரும்ப வாங்கித் திருத்தி, 1905-இல் பெர்லினில் மறுபடி மேடையேற்றினார். உலகமெல்லாம் இன்றைக்கு வாசிப்பது அந்த இரண்டாவது வடிவம்தான்.

அதனால் அடுத்து யாரிடம் எழுதி வாங்கினாலும், திருத்தத்துக்கென்று ஒரு தொகையும் குறைந்தது மூன்று ஊரில் கச்சேரியும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் நான் இறங்கி வரமாட்டேன். ஒரே ஆள் எல்லாச் செலவையும் தாங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 65 சின்ன இசைக்குழுக்கள், 50 மாநிலத்திலும் குறைந்தது ஒன்றாவது வருகிற மாதிரி ஒன்றுசேர்ந்து ஜோன் டவர் என்ற இசையமைப்பாளரிடம் ஒரு படைப்பை எழுதி வாங்கின. 2005 அக்டோபரில் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் அது தொடங்கி, மாநிலம் மாநிலமாகப் போனது. தனியாக ஒரு பெரிய பெயரிடம் எழுதி வாங்க வழியில்லாத குழுக்கள் அவை. ஆளுக்கொரு பங்கு போட்டதால் ஆளுக்கொரு கச்சேரி கிடைத்தது, படைப்பு பிறக்கும்போதே அதற்கு 65 ஊர் இருந்தது. நமக்கு 65 வேண்டாம். ஈரோடு, கரூர், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் என்று நான்கு ஊரில் நான்கு சபாவோ இசை ஆர்வலர் வட்டமோ கைகோத்தால் போதும். அழைப்பிதழில் 'முதல் முறையாக' ஓர் ஊருக்குத்தான் கிடைக்கும், யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிக்கொள்ளலாம்.

இப்போது எங்களுக்குள் வேறொரு வாக்குவாதம் ஓடுகிறது. மூன்று ஊர்க் கச்சேரியைப் பற்றிக் கேள்விப்பட்டு, வெளியூர் மாணவர் குழு ஒன்று ஸ்கோர் கேட்டு எழுதியிருக்கிறது. அவர்களிடம் உடுக்கை வாசிக்க ஆள் இல்லை, மிருதங்கத்தை வைத்துச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். இசையமைப்பாளர் சரி என்கிறார், படைப்பு நாலு இடத்துக்குப் போகட்டும் என்று. சட்டப்படி அவர் சொன்னால் சரிதான். உடுக்கை அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "மத்தளம் நல்ல வாத்தியந்தானுங்க அம்மிணி, ஆனா அது நிக்கற எடத்துல சனத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்கிறார். மறுபடி மறுபடி வாசிக்க வேண்டும் என்று இவ்வளவு தூரம் பேசிய நான் இசையமைப்பாளர் பக்கம்தான் நிற்பேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் அண்ணன் பக்கம். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தி அவர் எழுப்புகிற அந்த ஏறி இறங்குகிற ஒலியைப் பார்த்துத்தான் நான்கு தந்திக் கருவிக்கும் எழுதியிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் வியோலா யாருக்கு ஆமா போடும்? ஆனால் முடியாது என்று அந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவும் மனசில்லை. அதனால் இப்படிப் பதில் எழுதியிருக்கிறோம்: உங்களில் தாளம் நன்றாக நிற்கிற ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அண்ணன் வந்து தங்கிச் சொல்லிக்கொடுப்பார், பஸ் செலவும் அவர் இழக்கிற ஷிப்ட் கூலியும் நீங்கள் கொடுக்க வேண்டும், உடுக்கையை நாங்கள் வாங்கித் தருகிறோம். உடுக்கைக்கான காசு நூல் வியாபாரி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.